தென்புறச் சந்து

திண்டிவனம்
20-1-1958

சுப்பராயலு அண்ணன் அவர்களுக்கு,

பொங்கலுக்கு வருவீர்கள், நேரில் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். நீங்கள் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் புதிதாகக் குடிவந்திருக்கும் மல்லாட்டை வியாபாரி சின்னக்கண்ணு, தென்புறச் சந்தில் வேர்க்கடலை மூட்டைகளை அடுக்குகிறார். முதலில் ஒரு சுவரோரமாக அடுக்கினார். இப்போது இரண்டு பக்கமும். நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகத்தான் இடம் இருக்கிறது. நான் ஒருத்தி என்றால் போய்விடுவேன். என்னிடம் பிரசவத்துக்கு வருகிற நிறைமாதப் பெண் எப்படி ஒருக்களிப்பாள்?

நேற்றுத் தச்சர் வந்து சந்தின் தெருப்பக்கத்தில் கதவு வைக்க அளவெடுத்துக்கொண்டு போனார். சின்னக்கண்ணுவைக் கேட்டேன். "மூட்டை களவு போவுதும்மா, நான் இன்னா பண்றது? ஓனரு கதவு வச்சிக்கச் சொல்லிட்டாரு" என்றார். நீங்கள் சொன்னீர்களா என்று எனக்குத் தெரியவில்லை.

என் வீடு உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருப்பது. எனக்குத் தெருவுக்கு வர இந்தச் சந்தை விட்டால் பின்புற ஓடைக்கரைதான். அதில் கோடையில் நடக்கலாம். மழை பெய்தால் முழங்கால் அளவு சேறு. உங்கள் தகப்பனார் பெரிய மனசு பண்ணி விட்ட வழியில்தான் இருபத்தேழு வருஷமாக எங்கள் குடும்பம் நடந்து வருகிறது. நீங்களும் அதே தயவைக் காட்டி, சின்னக்கண்ணுவிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

அண்ணியாரையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லவும்.

சா. கனகமணி


விழுப்புரம்
2-2-1958

சகோதரி கனகமணி அம்மாளுக்கு,

கடிதம் கிடைத்தது. பொங்கல் சமயம் கூட்ஸ் ஆபீசில் லீவு கொடுக்கவில்லை. சரக்கு வந்து குவிந்துவிட்டது.

கதவு வைக்க நான்தான் சம்மதம் கொடுத்தேன். குடியிருப்பவர் தன் சரக்கைப் பாதுகாக்க நினைப்பதில் தவறு இல்லை. காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை கதவு திறந்திருக்க வேண்டும் என்று அவருக்கு எழுதியிருக்கிறேன். மற்ற நேரத்தில் சாவியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மூட்டைகளை ஒரே பக்கமாக அடுக்கவும் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சின்னக்கண்ணு அந்த வீட்டை விலைக்குக் கேட்கிறார். எனக்கும் இனித் திண்டிவனத்தில் வீடு வைத்துக்கொண்டு ஆகவேண்டியது இல்லை. ஆனால் சந்தில் பிறத்தியாருக்குப் பாத்தியம் இருக்கிறது என்றால் வாங்க மாட்டேன் என்கிறார். ஓடைக்கரை வழியும் உங்களுக்கு இருக்கிறது என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் சாந்திநாதன் இன்று உயிரோடு இருந்தால் இதையெல்லாம் அவனிடம் இரண்டு வார்த்தையில் பேசி முடித்திருப்பேன்.

சுப்பராயலு


திண்டிவனம்
6-4-1958

சுப்பராயலு அண்ணன் அவர்களுக்கு,

பங்குனி உத்திரத்தன்று நடந்ததை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியது என் கடமை.

சின்னக்கண்ணு குடும்பத்தோடு மயிலம் தேருக்குப் போய்விட்டார். கதவைப் பூட்டிச் சாவியையும் எடுத்துப் போயிருக்கிறார். பகல் பன்னிரண்டு மணி இருக்கும். கூட்டேரிப்பட்டிலிருந்து ஒரு மாட்டு வண்டி வந்து தெருவில் நின்றது. உள்ளே சின்னபொண்ணு என்கிற பெண், தலைப்பிரசவம். கூட அவள் தாய் வீரம்மாள். போன மாசம் பார்த்தபோதே இந்தப் பெண்ணைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் வலி எடுத்ததும் அழைத்து வரச் சொல்லியிருந்தேன்.

அவர்கள் கதவைத் தட்டினார்கள். நான் இந்தப் பக்கம் நின்று தட்டினேன். பூட்டு வெளியில் தொங்கியது. வண்டிக்காரரிடம் பூட்டை உடைக்கச் சொன்னேன். அவர் அந்நிய வீட்டுக் கதவு என்று பயந்தார். பையை எடுத்துக்கொண்டு ஓடைக்கரையில் இறங்கி, மேட்டில் ஏறி, வடக்குத் தெருவைச் சுற்றிக்கொண்டு வண்டிக்கு வந்து சேரக் கால் மணி நேரம் ஆனது.

அதற்குள் குழந்தையின் தலை வந்துவிட்டது. தெருப் பெண்கள் நாலு பேர் புடவையை விரித்து வண்டியைச் சுற்றிப் பிடித்தார்கள். நடுத் தெருவில், வெயிலில், வைக்கோல் மேல் பிரசவம். குழந்தைக்குக் கொடி கழுத்தில் சுற்றியிருந்தது. வெகுநேரம் அழவில்லை. பிறகு அழுதது. தாய்க்கு ரத்தம் நிற்கப் பொழுது சாயும் வரை ஆனது. இரண்டு உயிரும் இருக்கிறது.

வீரம்மாள் என்னைத் திட்டவில்லை. "கதவுக்கு அந்தாண்ட நீ பேசிக்கினு இருந்தது நல்லாக் கேட்டுச்சும்மா. உன் கைதான் எம் பொண்ணுக்கு எட்டல" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலையில் கொல்லரை அழைத்து வந்து பூட்டை உடைத்தேன். சின்னக்கண்ணு ஊரிலிருந்து திரும்பியதும் உடைந்த பூட்டை அவர் கையிலேயே கொடுத்தேன். செய்தது நான்தான் என்பதற்காக இதை எழுதி வைக்கிறேன்.

சா. கனகமணி


விழுப்புரம்
15-4-1958

கனகமணி அம்மாளுக்கு,

தாயும் குழந்தையும் பிழைத்ததில் எனக்கும் வீட்டில் கோவிந்தம்மாளுக்கும் சந்தோஷம். அன்று கதவைத் திறந்து வைக்காதது சின்னக்கண்ணுவின் தவறு. அதை அவருக்கு எழுதிவிட்டேன்.

அதற்காக நீங்கள் பூட்டை உடைத்தது சரியாகிவிடாது. எனக்கு ஒரு கார்டு போட்டிருந்தால் நான் நேரில் வந்திருப்பேன். பிறர் சொத்தில் பூட்டை உடைத்துவிட்டு, அதைக் கைப்பட எழுதியும் அனுப்புகிறீர்கள். நீங்கள் நினைப்பது போல இது சிறு விஷயம் அல்ல. சின்னக்கண்ணு போலீசுக்குப் போகிறேன் என்றார். நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

புதுப் பூட்டு போடச் சொல்லியிருக்கிறேன். இனி இது பற்றி எதுவானாலும் வக்கீல் மூலமாக இருக்கட்டும்.

சுப்பராயலு


திண்டிவனம்
23-6-1958

ஐயா,

தங்கள் வக்கீல் நோட்டீஸ் கிடைத்தது. சந்தில் எனக்கு எந்தப் பாத்தியமும் இல்லை என்று அதில் கண்டிருக்கிறது. நானும் வக்கீல் சக்கரபாணி அவர்களுக்கு வக்காலத்து கொடுத்திருக்கிறேன். சந்தில் எனக்கு வழிப்பாத்தியம் உண்டு என்று விளம்புகை, அதாவது கோர்ட்டின் அறிவிப்பு, கேட்டுக் கோர்ட்டில் தாவா தாக்கலாகிவிட்டது.

வக்கீல் இனிமேல் உங்களுக்குக் கடிதம் எழுதக் கூடாது என்றார். இது ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன் என்றேன்.

சா. கனகமணி


திண்டிவனம்
19-9-1959

சுப்பராயலு அவர்களுக்கு,

இன்று கோர்ட்டில் என் முதல் கடிதத்தை உங்கள் வக்கீல் நீட்டியபோது நீங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

"இது உங்க கையெழுத்துதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "பெரிய மனசு பண்ணி விட்ட வழி, அதே தயவைக் காட்ட வேண்டும், இதெல்லாம் நீங்க எழுதினதுதானே?" என்றார். ஆமாம் என்றேன். "அப்போ உரிமை இல்ல, தயவு. தயவுன்னா கொடுத்தவங்க திருப்பி எடுத்துக்கலாம் இல்லையா?" என்றார். ஒரு வீட்டுக்காரருக்கு இன்னொரு வீட்டுக்காரர் மரியாதையாகக் கடிதம் எழுதினால் அப்படித்தான் எழுதுவார்கள் என்றேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னார்கள்.

கூண்டை விட்டு இறங்கியதும் சக்கரபாணி ஐயா தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாம்மா இது, ஞாபகம் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? போன மாசம் எழுதினதா இன்னா? ரெண்டு வருஷம் ஆவப் போவுதே" என்றார். என் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

பிறகு நீங்கள் கூண்டில் ஏறினீர்கள். வீட்டின் பின்பகுதியை 1931-ல் உங்கள் தகப்பனார் என் மாமனாருக்கு விற்றபோது, சந்தையும் சேர்த்து விலை பேசினாரா என்று கேட்டார்கள். "எனக்குத் தெரியாது. அப்ப நான் சின்னப் பையன்" என்றீர்கள். நீங்களும் என் கணவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவருக்கு அந்த வருஷம் பதினேழு வயது.

நான் சந்தில் நடக்க ஆசைப்பட்டு இதை எழுதவில்லை. அது இனி ஜட்ஜு பாடு. பதினேழு வயது என்பது சின்னப் பையன் இல்லை என்று சொல்லத்தான் எழுதினேன்.

கனகமணி


விழுப்புரம்
30-9-1959

அம்மாளுக்கு,

வழக்கு நடக்கும்போது பதில் எழுதக் கூடாது. ஆனாலும் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை நான் திருத்தவில்லை. ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. நீங்கள் எழுதியதை அப்படியே காட்டினேன். வக்கீல் என்னிடம் உள்ள காகிதங்களை எல்லாம் கேட்டார், கொடுத்தேன். அதில் எது ஆயுதமாகும் என்று எனக்கு முன்கூட்டித் தெரியாது.

வயதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய சமாசாரம் எல்லாருக்கும் எல்லாமும் நினைவில் இருப்பதில்லை.

சுப்பராயலு


விழுப்புரம்
24-8-1960

கனகமணி அம்மாளுக்கு,

தீர்ப்பு உங்களுக்குத் தெரிந்திருக்கும். பத்திரத்தில் வழி பற்றி ஒன்றும் சொல்லவில்லை, மாற்று வழி இருக்கிறது, இதுநாள் வரை நடந்தது அனுமதியின் பேரில்தான் என்று தாவா தள்ளுபடியாகிவிட்டது. நீங்கள் அப்பீல் செய்யப் போவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

ஜெயித்துவிட்டேன் என்று நான் எழுத வரவில்லை. உங்களுக்குக் கஷ்டம் கொடுப்பது என் நோக்கமாக இருந்ததும் இல்லை. ஒரு ஏற்பாடு சொல்கிறேன். 'இந்தச் சந்தில் சுப்பராயலுவின் அனுமதியின் பேரில் என் ஆயுள் வரைக்கும் நடந்துகொள்கிறேன், வேறு பாத்தியம் இல்லை' என்று நீங்கள் ஒரு கடுதாசியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். ஒரு சாவி உங்களிடமே இருக்கும். சின்னக்கண்ணுவும் இதற்குச் சம்மதிக்கிறார்.

மழைக்காலம் வருகிறது. ஓடைக்கரையில் நடப்பது உங்களுக்குச் சிரமம்.

சுப்பராயலு


திண்டிவனம்
5-9-1960

சுப்பராயலு அவர்களுக்கு,

அனுமதி என்று அர்த்தம் வருகிற மாதிரி ஒரு தடவை எழுதி ஒரு வழக்கைத் தோற்றேன். இன்னொரு தடவை எழுத மாட்டேன்.

எனக்கு வழி இல்லாமல் இல்லை. முன்பு பெண்கள் என்னிடம் வந்தார்கள். இப்போது ஆள் வந்து சொன்னால் நான் பையை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போகிறேன். பெருமுக்கல் வரை போகிறேன். பஸ் இருக்கிறது, இல்லாவிட்டால் கால் இருக்கிறது. பொழுது சாய்வதற்குள் சாப்பிடுவது எங்கள் ஜைன வழக்கம். வெளியே போன நாட்களில் அது நடப்பதில்லை. மறுநாள் காலையில் சாப்பிடுகிறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஓடைக்கரையில் நானே ஏழெட்டுக் கருங்கல் போட்டிருக்கிறேன்.

கனகமணி


விழுப்புரம்
3-12-1961

கனகமணி அம்மாளுக்கு,

போன வாரம் நான் வந்து போனதிலிருந்து இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

கிரயம் பேசத்தான் வந்தேன். சின்னக்கண்ணு கடையில் இல்லை. சந்துக் கதவு பூட்டியிருந்தது. தூறிக்கொண்டிருந்தது. இவ்வளவு தூரம் வந்து உங்களைப் பார்க்காமல் போகக் கூடாது என்று தோன்றியது. ஏன் தோன்றியது என்று தெரியவில்லை. வடக்குத் தெருவைச் சுற்றி ஓடைக்கரையில் இறங்கினேன். மூன்றாவது கல்லில் வழுக்கி விழுந்தேன். ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று. நீங்கள் வாசலில் நின்று பார்த்தீர்கள். கால் கழுவத் தண்ணீர் கொடுத்தீர்கள், மோர் கொடுத்தீர்கள். "அந்தக் கல்லு கொஞ்சம் ஆடும்" என்று மட்டும் சொன்னீர்கள். நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன்.

அதை இப்போது எழுதுகிறேன்.

1931-ல் என் அப்பாவும் உங்கள் மாமனார் அப்பாண்டை நயினாரும் அந்தச் சந்தில் நின்று பேசினார்கள். அளக்கிற கயிற்றின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். மறு முனை சாந்திநாதன் கையில். எட்டடி இருந்தது. நயினார், "சந்தையும் பத்திரத்துல சேத்து எழுதிடலாமா?" என்று கேட்டார். அப்பா சிரித்தார். "அத்த வேற தனியா எழுதணுமா நயினாரே? சந்தையும் சேத்துத்தானே வெல பேசிக்கினோம்? இதோ எம் பையன் சாட்சியா நிக்கிறான், போதாதா?" என்று என் தோளில் கை வைத்தார். நயினார் என்னைப் பார்த்து, போதும் என்றார்.

கோர்ட்டில் கேட்டபோது இது எல்லாம் எனக்கு நினைவில் இருந்தது. கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள்ளேயே வந்துவிட்டது. தெரியும் என்று சொன்னால் வீடு விற்காது என்பதும் கூடவே வந்தது. தெரியாது என்றேன். உங்கள் கையெழுத்தை நீங்கள் ஒப்புக்கொண்டு பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

கோவிந்தம்மாளிடம் நேற்றுத்தான் சொன்னேன். "இத்தினி நாள் இத்த வச்சிக்கினு எப்பிடி சோறு துன்ன?" என்று கேட்டாள்.

சந்து வழியை உங்களுக்குப் பத்திரம் எழுதி ரிஜிஸ்தர் செய்து கொடுக்கிறேன். அதற்குப் பிறகுதான் கிரயம். சின்னக்கண்ணு அந்த நிபந்தனையோடு வாங்கினால் வாங்கட்டும். பத்திர எழுத்தரிடம் நகல் எழுதச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் அனுப்புகிறேன்.

சுப்பராயலு


திண்டிவனம்
14-1-1962

சுப்பராயலு அவர்களுக்கு,

நகல் வந்தது. படித்தேன். கிழமேல் அறுபது அடி, தென்வடல் எட்டடி, அளவெல்லாம் சரி.

'ஆதரவற்ற விதவையான கனகமணி அம்மாள் பேரில் கருணை கொண்டு தர்மமாக விட்டுக்கொடுக்கும் வழி' என்று எழுத்தர் எழுதியிருக்கிறார். நான் ஆதரவற்றவள் இல்லை. அது தர்மமும் இல்லை. அந்த இரண்டு வரியையும் எடுத்துவிட்டு, 1931-ம் வருஷத்துக் கிரயத்திலேயே சந்து வழியும் சேர்ந்தது, பத்திரத்தில் எழுத விட்டுப்போனது, அது எனக்கு நேரில் தெரியும் என்று நீங்கள் சொல்வதாக எழுதச் சொல்லுங்கள். அப்படி இருந்தால் வாங்கிக்கொள்கிறேன். இல்லாவிட்டால் எனக்கு ஓடைக்கரை போதும்.

நீங்கள் எழுதிய கடிதத்தைப் பலமுறை படித்தேன். என் கணவர் அந்தக் கயிற்றைப் பற்றி ஒரு நாளும் சொன்னதில்லை. அவர் மறந்திருக்க மாட்டார். நீங்கள் இருக்கும்போது தான் சொல்ல வேண்டியது இல்லை என்று விட்டிருப்பார்.

அந்த ஆடும் கல்லைச் சரி செய்துவிட்டேன்.

கனகமணி


விழுப்புரம்
9-2-1962

கனகமணி அம்மாளுக்கு,

நீங்கள் சொன்னபடியே மாற்றி எழுதியாயிற்று. எழுத்தர் என்னைத் தனியாக அழைத்து, "இன்னா சார், கோர்ட்டுல தெரியாதுன்னு சொல்லிட்டு இதுல தெரியும்னு கையெழுத்துப் போடறீங்களே, பின்னால பேஜாராவும்" என்றார். ஆகட்டும் என்றேன்.

சின்னக்கண்ணு வெகுவாகக் கோபித்துக்கொண்டார். இரண்டு வாரம் பேசவில்லை. பிறகு விலையைக் குறைத்துக் கேட்டார். ஒத்துக்கொண்டேன். கோவிந்தம்மாளுக்கு இதில் வருத்தம் இல்லை.

வருகிற 26-ந் தேதி திங்கட்கிழமை ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் பதினோரு மணிக்கு வந்துவிடவும். முதலில் உங்கள் பத்திரம், அடுத்து கிரயம். இரண்டுக்கும் சாட்சிகளை நான் அழைத்து வருகிறேன்.

சுப்பராயலு


திண்டிவனம்
17-3-1963

சுப்பராயலு அண்ணன் அவர்களுக்கு,

ஒரு வருஷம் கழித்து எழுதுகிறேன். எழுதுவதற்கு ஒன்றும் இல்லாமல்தான் இருந்தது.

உங்கள் கார்டு நேற்று வந்தது. அடுத்த மாசம் பெருமுக்கலில் கல்யாணத்துக்கு வருவதாகவும், வழியில் என்னைப் பார்க்க நினைப்பதாகவும், ஆனால் வீட்டை விற்றுவிட்ட பிறகு அந்தத் தெருவுக்குள் வருவதற்குக் கூச்சமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள்.

சின்னக்கண்ணு கதவை எடுத்துவிட்டார். பத்திரத்துக்குப் பயந்து எடுக்கவில்லை. மழையில் மரம் உப்பிக்கொண்டு மூடவும் முடியவில்லை, திறக்கவும் முடியவில்லை. மூட்டைகளை வடக்குப் பக்கம் கொட்டகை போட்டு வைத்திருக்கிறார். போன ஐப்பசியில் அவர் மருமகளுக்குப் பிரசவம் ஆனது. என்னிடம் வரவில்லை, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். இப்போது அங்கே பிரசவத்துக்கென்று கட்டில்கள் போட்டிருக்கிறார்கள். நர்சுகள் இருக்கிறார்கள். அது நல்லதுதான். மாசத்துக்கு இரண்டு பேர், மூன்று பேர்தான் இப்போது என்னைத் தேடி வருகிறார்கள். மற்ற நாளெல்லாம் அந்தச் சந்தில் நான் ஒருத்திதான் நடக்கிறேன். காலையில் பால் வாங்கப் போவேன், திரும்பி வருவேன். எட்டடி அகலம் எனக்கு மிக அதிகம்.

இதற்காகவா நாலு வருஷம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்துப் பார்த்தேன். இதற்காகத்தான் என்று பட்டது.

கல்யாணத்துக்கு வரும்போது அவசியம் வாருங்கள். அண்ணியாரையும் அழைத்து வாருங்கள். பொழுதோடு வந்தால் சாப்பாடு இங்கே. ஓடைக்கரைப் பக்கம் போக வேண்டாம். தெரு வழியாகவே வந்து சந்தில் நுழையுங்கள். வீட்டை விற்றவர் இங்கே எதற்கு வருகிறார் என்று சின்னக்கண்ணு கேட்டாலும் கேட்பார். கனகமணி வீட்டுக்கு வந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். அதற்கு மேல் அவரால் ஒன்றும் கேட்க முடியாது.

சா. கனகமணி